லோகோ பைலட்டுக்குத் தமிழ்: ஓட்டுநரா, வலவரா?

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘எங்கள் ஊர்த் தொழில்கள்’ என்று சுவர்ப்படம் செய்கிறார்கள். காட்பாடியில் ரயிலை விட்டுவிட்டுத் தொழிலைப் பற்றிப் பேச முடியுமா? ஒரு மாணவியின் அப்பா அசிஸ்டண்ட் லோகோ பைலட், அதாவது லோகோ எனும் ரயில் இன்ஜினை ஓட்டுபவருக்குத் துணையாக இருப்பவர். அவள் ‘துணை ரயில் விமானி’ என்று எழுதி வந்தாள். அகராதியில் பைலட்டுக்கு விமானி என்றுதான் இருந்ததாம். தப்பு என்று தெரிகிறது, திருத்தத்தான் என்னிடம் சொல் இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும், அவள் அப்பாவும் படித்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும்.

— காட்பாடி ஆசிரியை

அம்மா, சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: வலவன். புறநானூறு 27-ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று வருகிறது. ஓட்டுபவன் இல்லாமலே விசும்பில் போகும் ஊர்தியைச் சொல்வதற்கே அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது. ‘அர்’ சேர்த்தால் வலவர்; ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகிவிடும். வல் என்ற அடியில்தான் வன்மை, வல்லமை, வலிமை எல்லாம் கிளைக்கின்றன. வலம், வலக்கை என்பவையும் அதே குடும்பம் என்பது என் துணிபு. கடிவாளம் பிடித்த கையின் திறமையைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது.

பைலட் என்பது முதலில் கப்பலுக்கு வழிகாட்டியவரின் பெயர். அப்படிப் பார்த்தால் மீகாமன் என்றும் சொல்லலாம். ஆனால் கடல் இல்லாத நம் சீமைக்கு அது ஒட்டாது. மாலுமியோ அரபியிலிருந்து வந்தது. ரயிலும் நம் சொல் இல்லை. ஆகவே தொடர்வண்டி வலவர், துணை வலவர்.

— ஆரணி

ஜோலார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டு, பிறகு டீசல், கரண்ட் இன்ஜின் எல்லாம் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

ஆரணி ஐயா, தொடர்வண்டி என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. ஷெட்டிலிருந்து இன்ஜின் மட்டும் தனியாகப் போகும். லைட் இன்ஜின் என்போம். பின்னால் தொடர ஒரு பெட்டிகூட இருக்காது, ஆனாலும் ஓட்டுபவர் லோகோ பைலட்தான். இன்னொரு பக்கம், காட்பாடியில் நின்று போகிற மைசூரு வந்தே பாரத்தில் தனி இன்ஜினே கிடையாது. மோட்டாரெல்லாம் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. அதை ஓட்டுபவரும் லோகோ பைலட்தான். ஆக, ஆங்கிலப் பெயரே வேலைக்கு முழுசாகப் பொருந்தவில்லை. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து என்ன பயன்?

வேலை என்னவென்று பாருங்கள். எங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது. எந்தத் தடத்தில் போவது என்பதைத் தண்டவாளம் பிரிகிற இடத்தில் இருக்கும் பாயிண்ட் முடிவு செய்கிறது, அது ஸ்டேஷன்காரர்கள் பொறுப்பு. எங்கள் கையில் இருப்பது வேகமும் பிரேக்கும்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிற வண்டி, பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. எங்கே நிற்க வேண்டுமோ, அதற்கு வெகுதூரம் முன்பே மனசுக்குள் நின்றுவிட வேண்டும். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் நிறத்தைச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டிக்குக் கூப்பிடும் ஆள், ‘கால் பாய்’ (call boy) என்போம், வந்து கதவைத் தட்டி எழுப்பிக் கையெழுத்து வாங்கிப் போன காலத்திலிருந்து இதுதான் முறை. அதனால் அசிஸ்டண்டை ‘உதவி’ என்று போடாதீர்கள். வழித்துணை என்கிறோமே, அந்தத் துணைதான் அவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ‘டிரைவரா?’ என்று இழுத்தார்கள். பின்னாளில் லோகோ பைலட் என்று பெயர் மாறியபோது என் மனைவிதான் ரொம்ப சந்தோஷப்பட்டாள். நீங்கள் ஓட்டுநர் என்று போட்டால் மறுபடியும் அந்தத் திண்ணைக்கே வந்து நிற்கிறேன். வலவர் என்றாலோ என் பேரனுக்கே விளங்காது.

— ஜோலார்பேட்டை

முதலில் ஒரு வேண்டுகோள்: யாரும் ‘ஓட்டுனர்’ என்று எழுதிவிடாதீர்கள். ஓட்டு என்ற வினையோடு ‘நர்’ விகுதி சேர்கிறது. பெறுநர், அனுப்புநர் போல. உறுப்பினர் வேறு, அங்கே உறுப்பு, இன், அர் என்று பிரியும். பேருந்துப் பலகையிலேயே தப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜோலார்பேட்டை அண்ணா, ஓட்டு என்பது தாழ்ந்த சொல் இல்லை. புறநானூறு 66-இல் ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்று கரிகாலனின் முன்னோரைப் பாடுகிறார் வெண்ணிக்குயத்தியார். காற்றையே ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்தியவர்களுக்குச் சொன்ன வினை அது. ஓடு – ஓட்டு, இயங்கு – இயக்கு, செல் – செலுத்து மூன்றுமே பிறவினைதான். இயக்குநரைச் சினிமா எடுத்துக்கொண்டது. செலுத்துநர் என்றால் வரி கட்டுபவர் நினைவுக்கு வருவார். மிச்சம் இருப்பது ஓட்டுநர்.

2022 ஜனவரியில் ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு (guard) என்ற பதவியை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்களே, அதற்கும் ஒரு சொல் பார்க்க வேண்டும். ரயில் மேலாளர் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் போலத் தொனிக்கிறது. காப்பாளர் என்பதுதான்...

— ராணிப்பேட்டை

ஐயா, அதை அடுத்த மாதம் பார்ப்போம்!

எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘ரயில் ஓட்டுநர்’ என்கிறீர்கள். இனியும் காத்திருக்க நேரமில்லை, அதையே கொடுத்துவிட்டேன். துணை என்பது ஜோலார்பேட்டை ஐயா சொன்னபடி. அவர் மனசு கஷ்டப்படும் என்று தெரிந்தேதான் ஓட்டுநரை எடுத்தேன். அதனால் பெயருக்குக் கீழே, சிக்னலை இருவரும் சொல்லிக்கொள்வதையும் நிற்பதற்கு வெகுதூரம் முன்பே மனசுக்குள் நிற்பதையும் அவர் எழுதியபடியே பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். மாணவியின் அப்பா இன்னும் பார்க்கவில்லை, டியூட்டியில் இருக்கிறார்.

— காட்பாடி ஆசிரியை

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் நம் வாலாஜா வரை வந்தது. இத்தனை காலம் நம் ஊர் வழியே ஓடியும், ஓட்டுபவருக்குப் பேருந்துக்காரரிடமிருந்து பெயரைக் கடன் வாங்குகிறோம். வலவர் எட்டாம் வகுப்புக்குப் புரியாது என்கிறீர்கள். லோகோ மட்டும் எந்த வகுப்பில் புரிந்தது? சுவர்ப்படத்தில் ஒரு மூலையில், அடைப்புக்குறிக்குள்ளாவது வலவர் என்று போட இடம் இருக்குமா அம்மா?

— ஆரணி