புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு வலியும் டென்ஸ் கருவியும்

அம்மாவின் இடுப்பு வலிக்கு டென்ஸ் கருவி (தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே லேசான மின்சாரம் செலுத்தி வலியைக் குறைப்பது) வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டோம். பாலிகிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட், பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பட்டை ஒட்டக் காட்டிக்கொடுத்தார்.

தோலில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு. அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி தணிகிறதே, அதே கணக்குதான்: தொடு உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை மறிக்கின்றன. இதுதான் 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயில்' (கதவு) கோட்பாடு.

வலி முழுசாகப் போகவில்லை. அணைத்த கொஞ்ச நேரத்தில் திரும்புகிறது. ஆனாலும் நேற்று அம்மா தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். அந்த முகத்தெளிவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மனச்சோர்வுக்கும் உதவுமா என்று கேட்ட தம்பிக்கு: அதற்கான கருவி வேறு. கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்ட, அறுவை செய்து பொருத்தும் கருவி. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அமெரிக்கா 2005இல் அனுமதித்தது. டென்ஸை அதற்குப் பயன்படுத்தாதீர்கள், கழுத்தின் முன்பக்கம் ஒட்டவே கூடாது.