உதவி: எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் 110 எம்பியில் தொடங்கி பாதியில் நின்றுவிடுகிறது

நெய்தல்77:
வணக்கம் நண்பர்களே. 4 டிபி போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க், 2.5 அங்குலம், யூஎஸ்பி 3.0, தனி அடாப்டர் கிடையாது. விண்டோஸ் 10 டெஸ்க்டாப். கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் சேர்த்து 300 ஜிபி ஏற்றணும். பின்பக்க போர்ட்டில் செருகினால் நொடிக்கு 110 எம்பி என்று ஜோராகத் தொடங்குது. கொஞ்ச நேரம் போனதும் 12, 8 என்று இறங்கி 0 ஆகி நிற்குது. அரை நிமிஷம் கழித்து நகரும், திரும்ப நிற்கும். டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க் 100%லேயே நிற்குது. முன்பக்க போர்ட்டில் போட்டால் ஆரம்பத்திலிருந்தே 38தான். அதிலும் சில சமயம் டிங் சத்தத்தோடு டிரைவே காணாமல் போய்த் திரும்பி வருது. வாரன்ட்டி இருக்கு. டிஸ்க் போச்சா?

பின்னிரவு:
விண்டோஸோட டிஸ்க் சோதிக்கிற கட்டளை செக்டிஸ்க் /ஆர் போட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க பாஸ். பேட் செக்டர் (டிஸ்க்கில கெட்டுப்போன இடம்) இருந்தா ஒதுக்கிடும்.

சில்லுவித்தகன்:
/ஆர் இப்போதைக்கு வேண்டாம். அது காலி இடம் உட்பட 4 டிபியையும் படித்துப் பார்க்கும். சராசரி 100 எம்பி வேகம் கிடைத்தாலே 11 மணி நேரம். டிஸ்க் நல்லாயிருந்தால் வெட்டி வேலை. கெட்டிருந்தால் மிச்சமிருக்கிற உயிரையும் அதுவே வாங்கிவிடும். சந்தேகப்படுகிற டிஸ்க்கில் முதல் வேலை, வேறு பிரதி இல்லாத ஃபைல்களை வெளியே எடுப்பது. ரிப்பேர் எல்லாம் அப்புறம்.

நெய்தல், நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிற மாதிரி தெரிகிறது. முன் போர்ட்டும் 38ம் டிங்கும் ஒரு கதை. பின் போர்ட்டில் 110லிருந்து 0 வருவது வேறு. பிரித்துப் பார்க்க மூன்று விஷயம் தேவை.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமைத் திறந்து, கெட்ட செக்டர்களைக் கணக்கு வைக்கும் 05, சி5, சி6 வரிகளின் ரா வேல்யூவைப் பாருங்கள். அது ஹெக்ஸில் (எழுத்தும் கலந்த 16 அடிமான எண்ணில்) காட்டும், பயப்பட வேண்டாம்; பூஜ்யமா இல்லையா என்பதுதான் கேள்வி. அதே திரையில் ஃபீச்சர்ஸ் வரியில் டிரிம் (எந்த இடம் காலியாகிவிட்டது என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லும் வசதி) எரிகிறதா என்றும் சொல்லுங்கள்.

அடுத்து, டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் 30, 40 ஜிபியைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணுங்கள். எழுதும்போது நிற்கிறது என்பது தெரியும், படிக்கும்போதும் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே ஃபைலில் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால் தட்டில் கோளாறு. படிப்பது சீராக ஓடி, எழுதுவது மட்டும் நின்றால் விஷயமே வேறு.

கடைசியாக ஈவென்ட் வ்யூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். அங்கே ஈவென்ட் ஐடி எண்ணைப் பாருங்கள். 7 என்றால் பேட் பிளாக். 153 என்றால் பதில் வராமல் மறுபடி கேட்டிருக்கிறது. 129 என்றால் டிரைவை ரீசெட் பண்ணியிருக்கிறது. 157 என்றால் சொல்லாமல் கொள்ளாமல் டிஸ்க் கழன்றிருக்கிறது. எது, எந்த போர்ட்டில் இருந்தபோது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நெய்தல்77:
பார்த்துட்டேன் சார். 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். டிரிம் எரியுது. சுழற்சி 5400 என்று போட்டிருக்கு. பின் போர்ட்டிலிருந்து 40 ஜிபி படித்தேன், 115க்குக் கீழே இறங்கவே இல்லை. லாகில் 157 மட்டும்தான், எல்லாமே முன் போர்ட்டில் இருந்தபோது.

சில்லுவித்தகன்:
அப்படியானால் டிஸ்க் சாகவில்லை. சுழலும் 5400 டிஸ்க்கில் டிரிம் எரிந்தால் அது எஸ்எம்ஆர் வகை என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். டிரிம் எரியாத எஸ்எம்ஆரும் உண்டு, அதனால் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல முடியாது.

எஸ்எம்ஆரில் டிராக்குகளை ஓட்டு வீட்டுக் கூரை வேய்கிற மாதிரி ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறும்படி எழுதுவார்கள். படிக்கும் ஹெட்டுக்கு மெல்லிய கீற்று போதும், எழுதும் ஹெட்டுக்கு அகலம் வேண்டும். அதனால் நடுவில் ஒரு டிராக்கை மாற்றினால் பக்கத்து டிராக் அழியும். ஆகவே பத்துக்கணக்கான எம்பி கொண்ட ஒரு பட்டையை முழுசாகப் படித்து, திருத்தி, முழுசாகத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. இதை மறைக்கத்தான் டிஸ்க்கின் ஒரு பகுதியைச் சாதாரண முறையில் வைத்து, வருவதையெல்லாம் முதலில் அங்கே இறக்குகிறார்கள். நீங்கள் பார்க்கும் 110 அந்த இடத்தின் வேகம். அது நிரம்பியதும் டிஸ்க் உள்ளே பட்டை பட்டையாக அடுக்கிக்கொண்டே வெளியே உங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 8ம் 0ம் அப்போதுதான் வருகிறது. லாகில் பிழை எதுவும் இல்லாததற்கும் அதுதான் காரணம். வாங்கின புதிதில் இது தெரியாது. பழையதை அழித்து அந்த இடத்தில் மறுபடி எழுத ஆரம்பித்ததும்தான் தெரியும்.

செய்ய வேண்டியது: 40, 50 ஜிபியாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். கழற்றக் கூடாது, கம்ப்யூட்டரைத் தூங்கவிடவும் கூடாது. கையை வைத்தால் டிஸ்க் உள்ளே குறுகுறுவென்று ஓடுவது தெரியும், லைட்டும் மினுக்கும். அது அடுக்குகிற வேலை, நிறுத்தாதீர்கள். பவர் ஆப்ஷன்ஸ் அட்வான்ஸ்டில் டர்ன் ஆஃப் ஹார்டு டிஸ்க் வழக்கமாக 20 நிமிஷத்தில் இருக்கும், அதை நெவர் ஆக்குங்கள். அங்கேயே யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் டிஸேபிள் பண்ணுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு காப்பி விண்டோ வேண்டவே வேண்டாம். போட்டோக்களைத் தனித்தனியாக அனுப்பாமல், கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே 7-ஜிப்பில் ஸ்டோர் முறையில் (சுருக்காமல்) ஒரே கட்டாக்கி அதை மட்டும் அனுப்புங்கள். ஜேபெக்கைச் சுருக்கப் பார்ப்பது நேரக்கேடு. சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் அட்டவணையிலிருந்தும் இந்த டிரைவை எடுத்துவிடுங்கள். எஸ்எம்ஆரை டிஃப்ராக் பண்ணினால் நாள் முழுக்கப் பட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

போர்டுமெக்கானிக்:
முன் போர்ட் பத்தி நான் சொல்றேன். 38 எம்பி வந்தாலே அது யூஎஸ்பி 2.0ல ஓடுதுன்னு அர்த்தம். 480 மெகாபிட்டை 8ஆல் வகுத்தா 60, நடைமுறையில கைக்கு வர்றது 35லிருந்து 40. கேபினெட்டைத் திறந்து முன்பக்க ஒயர் மதர்போர்டுல எங்க போகுதுன்னு பாருங்க. 19 பின் தடிச்ச கனெக்டரா இருந்தா 3.0, 9 பின் சின்னதா இருந்தா 2.0. அடாப்டர் போட்டு 19 பின்னை 9 பின்னுல செருகியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. வெளிய நீல போர்ட்டா தெரியும், உள்ளுக்குள்ள 2.0தான்.

கரன்ட்டும் இங்கதான் இடிக்குது. 2.0ல கணக்குப்படி 500 மில்லிஆம்ப், 3.0ல 900. 2.5 அங்குல டிஸ்க் தட்டைச் சுழற்ற ஆரம்பிக்கிற நொடியில அதைவிட அதிகமாவே இழுக்கலாம். ஒயர் மெலிசா, நீளமா இருந்தா 5 வோல்ட் தாழ்ந்து டிஸ்க் ரீஸ்டார்ட் ஆகும். உங்க டிங்கும் 157ம் பெரும்பாலும் இதுதான். எக்ஸ்டென்ஷன் கேபிள், அடாப்டர் இல்லாத ஹப் ரெண்டையும் ஓரங்கட்டுங்க.

கேபிளோட டிஸ்க் பக்க முனையையும் பாருங்க. அகலமான மைக்ரோ-பி, ரெண்டு துண்டா இருக்கும். சின்னத் துண்டுல இருக்கிற 5 பின்தான் 3.0 வேகம். அது கொஞ்சம் ஆடினாலும் சத்தமில்லாம 2.0க்கு இறங்கிடும். மெதுவா தடவித் தடவிச் செருகினாலும் அப்படியே நடக்கும், ஒரே அழுத்தா அழுத்துங்க.

பின்னிரவு:
குறுக்கே ஒரு கேள்வி. என்னோடது எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி, 900ல ஆரம்பிச்சு 90க்கு வருது. அதுவும் எஸ்எம்ஆரா?

சில்லுவித்தகன்:
எஸ்எஸ்டியில் அது கிடையாது. செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதும் எஸ்எல்சி கேஷ் தீர்ந்து, செல்லுக்கு நான்கு பிட் திணிக்கும் மெதுவான க்யூஎல்சியில் நேரடியாக எழுத ஆரம்பித்திருக்கும். டிரைவ் நிறைய நிறைய அந்தக் கேஷும் சுருங்கும், கால்வாசியாவது காலியாக வையுங்கள். தொட்டால் சுடுகிறதா என்றும் பாருங்கள். சூட்டினாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நெய்தல்77:
முன் ஒயர் 9 பின்னில்தான் போகுது, மெக்கானிக் சொன்ன அதே அடாப்டர். பின் போர்ட்டுக்கே மாறிட்டேன். இன்னொரு சந்தேகம்: பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை நேரா மதர்போர்டின் சாட்டா இணைப்பில் மாட்டினால் வேகம் வருமா? இல்லை, வாரன்ட்டியில் மாற்றிக் கேட்கலாமா?

போர்டுமெக்கானிக்:
பிரிக்காதீங்க. இந்த சைஸ்ல நிறைய மாடல்ல யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கோட போர்டுலயே சால்டர் ஆகியிருக்கும், சாட்டா முனையே இருக்காது. இருந்தாலும் எஸ்எம்ஆர் எஸ்எம்ஆர்தான். பிரிச்சா வாரன்ட்டி போறதுதான் மிச்சம்.

சில்லுவித்தகன்:
வாரன்ட்டியில் கேட்டாலும், 05, சி5, சி6 பூஜ்யமாக இருக்கும்வரை இதைக் கோளாறு என்று ஒப்புக்கொள்வது சந்தேகம். ஒரு தடவை ஏற்றி வைத்து அப்புறம் பார்க்க மட்டும் எடுக்கும் வீடியோவுக்கு இந்த டிஸ்க் தாராளமாகப் போதும். எடிட்டிங், டோரன்ட், தினசரி பேக்கப் என்றால் 12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 அங்குல சிஎம்ஆர் (டிராக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சாதாரண வகை) டிஸ்க் பாருங்கள். வாங்கும்முன் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபாருங்கள். 2020இல் பெரிய சர்ச்சை ஆன பிறகு வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்றுமே எது எஸ்எம்ஆர் என்று வெளியிட்டார்கள்.

கல்யாண வீடியோவுக்கு இது ஒன்றே பிரதி என்றால், முழுதும் ஏறி, கட்டைத் திறந்து சரிபார்க்கும்வரை மூலத்தை அழிக்காதீர்கள். பின் போர்ட்டிலும் 157 வந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அதற்கப்புறமும் வந்தால் அன்றைய லாகை இங்கே போடுங்கள், பார்ப்போம்.