வேன் வசூலுக்கு முன்: காலையின் முதல் பஸ் நடையும் இரவின் கடைசி நடையும்

நம் ஊர் மடல் குழுவில் உள்ள உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் போட்டு, ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதிய வேன் ஒன்றை வாங்கி ஊருக்கும் டவுனுக்கும் ஓட்டலாம் என்று டொராண்டோ மாமா எழுதியதையும், அதற்கு சிங்கப்பூர் ஜூரோங் அண்ணன் உடனே சம்மதம் சொன்னதையும் படித்தேன். இருவருடைய மனமும் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வேனில் யார், எத்தனை மணிக்கு, எதற்காக ஏறப்போகிறார்கள் என்ற பேச்சு இந்த மடல்களில் எங்கும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த என் சித்தி மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம் தெருப் பெண்கள் சிலர் டவுனில் ஜவுளிக் கடை வேலைக்குப் போகிறார்கள். கடை அடைக்க இரவு ஒன்பது ஆகிறது. நம் ஊருக்கான கடைசி டவுன் பஸ்ஸோ எட்டேகாலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. அதனால் அவர்கள் வெளியூர் போகும் மொபசல் பஸ்ஸில் காசு கொடுத்து ஏறி, முக்கூட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோரம் இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வருகிறார்கள். 2021 மே 8 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டுமே பொருந்தும். மொபசல் பஸ்ஸுக்குப் பொருந்தாது. ஆகவே கடைசி நடை முக்கால் மணி நேரம் முந்திக் கிளம்புவதால், அவர்கள் கைக்கு வந்த சலுகையையும் இழந்து, பாதுகாப்பையும் இழக்கிறார்கள்.

காலையில் நிலைமை இதைவிட மோசம். இப்போது டவுனிலிருந்து முதல் பஸ் வந்து சேரவே எட்டைத் தாண்டிவிடுகிறது. அதில் பள்ளிப் பிள்ளைகள் இலவச பாஸோடு படிக்கட்டு வரை நிற்கிறார்கள். சர்க்கரை மாத்திரைக்கு அரசு மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏறவே அஞ்சுகிறார்கள். ஏறிப் போனாலும் ஓ.பி. சீட்டு வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். கீரையும் பூவும் விற்கப் போகிறவர்களுக்கு அந்த பஸ்ஸே பயனில்லை, ஏனெனில் மொத்த வியாபாரம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். அவர்கள் கூடைக்கும் சேர்த்து ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தைக் கழித்துப் பார்த்தால், லாபம் என்று சொல்லக் கை கூசும்.

இப்படிப்பட்ட தேவைக்கு வேன் வாங்குவது எப்படித் தீர்வாகும்? வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கவே கூடாது. மஞ்சள் பிளேட் எடுத்தாலும், வழியில் ஏற்றி இறக்கித் தனித்தனியாகக் கட்டணம் வாங்க வழித்தட அனுமதி வேண்டும். வாடகை வண்டிக்கான அனுமதி அதற்குச் செல்லாது. விபத்து ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். ஓட்டுநர் சம்பளம், டீசல், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, டயர் ஆகியவற்றை இரண்டாம் ஆண்டு யார் கொடுப்பது என்று மாமாவின் மடலில் ஒரு வரி இல்லை. ஆம்புலன்ஸ் வாங்கிய கதை நினைவில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், நான் எழுதப்போவதில்லை.

மினி பஸ் கேட்கலாம் என்று கீழத்தெரு மச்சான் எழுதியிருந்தார். அது வேனைவிட நல்ல யோசனை. 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் இப்போது புது விதிகளோடு வந்திருக்கிறது. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தார். அதன்படி தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் போகாத சாலையாக இருக்க வேண்டும். நம் சாலையில் பேருக்காவது டவுன் பஸ் ஓடுவதால், இந்தக் கணக்கில் பொருந்தும் தடத்தை எங்கே சுற்றி வரைவது என்பது முதல் சிக்கல். அதை ஓட்டப்போகிறவர் தனியார் என்பதால், பெண்களும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். கூட்டமில்லாத அதிகாலையிலும் பின்னிரவிலும் வண்டியை நிறுத்திவிட மாட்டார் என்பதற்கு உறுதியும் இல்லை. நமக்குத் தேவைப்படுவதோ அந்த இரண்டு நேரங்கள்தான்.

நாம் கேட்க வேண்டியது புது வண்டியை அல்ல. நின்றுபோன நைட் ஹால்ட்டை, அதாவது பஸ் இரவில் நம் ஊரிலேயே தங்குவதைக் கேட்க வேண்டும். அரசு பஸ்ஸைச் சோழன் பஸ் என்று நாம் எல்லோரும் சொன்ன காலத்தில், இரவு ஒன்பதரைக்கு மேல் டவுனை விட்டு வந்த வண்டி பிள்ளையார் கோயில் திடலில் நின்று, விடியற்காலை அங்கிருந்தே முதல் நடையாகக் கிளம்பியது. நானும் அக்காவும் டவுனில் டியூஷன் முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனது அந்த வண்டியால்தான். ஒரே வண்டி ஊரில் தூங்கியதால் கடைசி நடையும் முதல் நடையும் தானாக அமைந்தன. டெப்போவிலிருந்து காலி வண்டியை அதிகாலையில் அனுப்பு என்றால் எந்தக் கிளை மேலாளரும் டீசல் கணக்கைக் காட்டித் தயங்குவார். நைட் ஹால்ட்டில் அந்தக் காலி ஓட்டமே இல்லை.

அது ஏன் நின்றது? ஆள் பற்றாக்குறை ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டுநரும் நடத்துநரும் படுத்த, கூட்டுறவுச் சங்கக் கிடங்கை ஒட்டியிருந்த அறை கூரை ஒழுகி, கழிப்பறை பாழாகி, பிறகு பூட்டப்பட்டது. அதன் சாவி யார் வீட்டுக்குப் போனது என்பது இந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். வண்டிக்குள் கொசுக்கடியில் படுத்துவிட்டு, விடிந்ததும் வயல் பக்கம் ஒதுங்கச் சொன்னால் யார் நம் ஊருக்கு டூட்டி கேட்டு வருவார்கள்? 2025 மார்ச்சில் போக்குவரத்துக் கழகங்களில் 3,274 ஓட்டுநர், நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. புது ஆட்கள் கிடைக்கும்போது அவர்கள் தங்க இடம் வைத்திருக்கும் ஊர்தான் முதலில் கேட்க முடியும்.

ஆகவே பணம் திரட்டுவதென்றால் அந்த அறைக்கும், தண்ணீரோடு கூடிய கழிப்பறைக்கும், திடலில் ஒரு விளக்குக்கும் திரட்டுவோம். அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று இருந்தால் மீதியை அரசு தருகிறது. கட்டடம் ஊராட்சியின் சொத்தாக நிற்கும், யார் பெயரிலும் நிற்காது. நிழற்குடைக் கல்வெட்டுச் சண்டை மறுபடி வரக்கூடாது என்பதால் கல்வெட்டே வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். வடக்குத்தெருப் பெரியப்பா கோபித்துக்கொண்டாலும் சரி.

கணக்கு பற்றி ஒன்று. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பணம் ஆகாது. குடியுரிமை மாறியவர், ஓ.சி.ஐ. என்னும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எனவே வளைகுடாவில் இருக்கும் நாமும் ஊரில் இருப்பவர்களும் முதலில் பங்கு போடுவோம். கனடா, சிங்கப்பூர் குடிமக்கள் ஆடிட்டர் எழுத்தில் சொல்லும் வரை ஒரு காசும் அனுப்ப வேண்டாம். மாமா இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த கிராம சபையில் நைட் ஹால்ட் வேண்டும் என்ற தீர்மானத்தை ஜவுளிக் கடைப் பெண்களும் கீரை விற்பவர்களுமே முன்மொழிய வேண்டும். நம் பெரியவர்கள் அன்று மைக்கை விட்டுக்கொடுக்க வேண்டும். தீர்மான நகல் கிளை மேலாளருக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கும் போகட்டும். அதற்கு முன்பே, நம் தடத்தில் அட்டவணைப்படி எத்தனை நடை, உண்மையில் ஓடியது எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்க வேண்டும். இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும் என்பதால் அந்த மனுவை என் பெயரில் நானே எழுதுகிறேன். ஊரில் தம்பி சேர்த்துவிடுவான்.

பொருளாளர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். கும்பாபிஷேக வசூலில் மிச்சம் எவ்வளவு, எந்த வங்கியில், யார் கையெழுத்தில் இருக்கிறது என்ற கணக்கை இந்தக் குழுவிலேயே எழுதுங்கள். அது வந்த அன்று என் பங்கை அனுப்புகிறேன்.

மேலவீட்டு இளைய மகள்,
மஸ்கட்