டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்) லைட் எரியுது, 1,36,800 ரூபாய் எஸ்டிமேட் – ஃபில்டரை மாத்தியே ஆகணுமா?

மேடவாக்கம்வாசி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

2020 மாடல் டீசல் காம்பாக்ட் எஸ்யூவி, பிஎஸ் 6. 2023-ல செகண்ட் ஹேண்டா 7.4 லட்சத்துக்கு வாங்கினேன். முதல் ஓனர் மருந்து கம்பெனி ரெப். திருச்சி, மதுரை, நெல்லைன்னு ஹைவேயிலயே ஓட்டியிருக்கார். இப்போ மீட்டர்ல 71,000. நம்ம கைக்கு வந்தப்புறம் வண்டிக்கு ஒரே ரூட்டுதான். காலைல மேடவாக்கத்துலருந்து கிளம்பி பள்ளிக்கரணையில பையனை ஸ்கூல்ல இறக்கிட்டு, அப்படியே பெருங்குடில மனைவி ஆபீஸ். சாயங்காலம் அதே வழில திரும்ப. தூரம் பத்து கி.மீ கூட வராது, ஆனா முக்கால் மணி நேரம் ஆகும்.

மூணு மாசமா மைலேஜ் 15-லருந்து 11-க்கு இறங்கிடுச்சு. வீட்டுல கொண்டுவந்து நிறுத்தி சாவியை எடுத்தப்புறமும் ஃபேன் அஞ்சு நிமிஷம் கத்தும். வாட்ச்மேன் ரெண்டு தடவை, "சார், ஏதோ கருகுற வாசனை வருது"ன்னார். ஏசி போட்டு வந்தா அப்படித்தான் இருக்கும்னு நானே அவருக்கு விளக்கம் சொன்னேன். அப்புறம் டேஷ்போர்டுல ஒரு டப்பாவுக்குள்ள புள்ளி புள்ளியா இருக்கிற மஞ்சள் லைட் வந்துச்சு. சைலன்சர் சம்பந்தப்பட்டது, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். தப்புதான்.

போன வாரம் வேளச்சேரி பாலம் ஏறும்போது இன்ஜின் லைட்டும் சேர்ந்து எரிஞ்சு, ஆக்சிலரேட்டரை எவ்ளோ மிதிச்சாலும் வண்டி நகரவே மாட்டேங்குது. பின்னாடி எம்டிசி பஸ். அந்த ஹாரன் இன்னும் காதுல கேக்குது.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மூணு நாள் வச்சிருந்து கொடுத்த எஸ்டிமேட்: டிபிஎஃப் அசெம்பிளி 98,000. இஜிஆர் வால்வு (புகைல கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடறது) 21,500. ஆயில், ஃபில்டர் 6,200. லேபர் 9,800. கன்ஸ்யூமபிள்ஸ்னு ஒரு 1,300. ஸ்கேன்ல வந்த எரர் கோடு பி 2463. வாரண்டி முடிஞ்சாச்சு. இன்சூரன்ஸ்ல கேட்டா தேய்மானத்துக்கெல்லாம் கிளெய்ம் கிடையாதாம்.

வெளில ஒருத்தர், "ஃபில்டரைக் கழட்டிட்டு இன்ஜின் சாஃப்ட்வேர் மேப் மாத்தி விடறேன், 25,000 கொடுங்க, ஜென்மத்துக்கும் லைட் வராது"ங்கறார்.

நெஜமாவே ஃபில்டர் போயிடுச்சா? கிளீன் பண்ண முடியாதா? இன்ஜினைக் குறை சொல்ல எதுவும் இல்ல. ஆயில் ஒரு சொட்டு குறையல, டிப்ஸ்டிக்ல மேக்ஸ் கோட்டுக்கு மேலயே நிக்குது.

---

கரூர்காரன்

பத்து கி.மீ-க்கு எதுக்கு சார் டீசல்? வித்துட்டு ஒரு பெட்ரோல் எடுங்க. எங்கப்பா அம்பாசடர் வச்சிருந்தப்போ ஸ்குரூ டிரைவரும் ஒரு பழைய பனியன் துணியும் இருந்தா கார்புரேட்டரை ரோட்டோரத்துலயே கழட்டி ஊதி மாட்டிடுவார். இப்போ பானெட்டைத் திறந்தா மேல ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைத் திறக்கவே பயமா இருக்கு.

---

ஐந்தாவது கியர்

அவசரப்பட்டு காசு கட்டாதீங்க. டிபிஎஃப்-ங்கறது சைலன்சர் லைன்ல இருக்கிற ஒரு செராமிக் வடிகட்டி. 2020 ஏப்ரல் 1-லருந்து பிஎஸ் 6 வந்ததால டீசல் கார்ல எல்லாம் இதைப் பாக்கலாம். புகைக்கரியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, கொஞ்சம் சேர்ந்ததும் தானே எரிச்சுக்கும். எரியணும்னா உள்ளே 600 டிகிரி கிட்ட சூடு வேணும். பள்ளிக்கரணை சிக்னல்ல நின்னு நின்னு போற வண்டில அந்த சூடு எங்கருந்து வரும்? அதனால இசியூ (இன்ஜினோட கம்ப்யூட்டர்) கொஞ்சம் டீசலைக் கூடுதலா அடிச்சு சூடேத்தப் பாக்கும். பாதி எரியும்போதே நீங்க சாவியை எடுத்துடறீங்க. ஃபேன் கத்தினது, கருகின வாசனை, மைலேஜ் இறங்கினது எல்லாம் அதுதான்.

டேங்க்ல கால்வாசிக்கு மேல டீசல் வச்சுக்கிட்டு வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலைல ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல 2,500 ஆர்பிஎம்ல அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. எனக்கு ரெண்டு தடவை அப்படியே சரியாயிருக்கு.

---

ஸ்பேனர் 14

ஓட்டாதீங்க. மொதல்ல இதைச் சொல்லிடறேன்.

கோயம்புத்தூருங்க, 22 வருஷமா டீசல் வேலைதான் பாக்கறேன். மேல தம்பி சொன்ன விளக்கம் எல்லாஞ் சரிதான். ஆனா நீங்க எழுதினதுல கடைசி வரியை யாரும் கவனிக்கலைங்க. ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல நிக்குதுன்னு சந்தோசமா எழுதியிருக்கீங்க. டீசல் இன்ஜின்ல ஆயில் தானா ஏறுச்சுன்னா அதுல டீசல் கலக்குதுன்னு அர்த்தம். கரியை எரிக்க அடிக்கற கூடுதல் டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு கீழ ஆயில் சம்புக்கு எறங்கிடும். எரிக்கற வேலை பாதியில பாதியில நின்னா மறுபடி மறுபடி அடிக்கும், மறுபடி மறுபடி எறங்கும். அந்த ஆயில் தண்ணியாட்டம் ஆயிரும், டர்போவும் பேரிங்கும் தேஞ்சு போகும். ரொம்ப ஏறிடுச்சுன்னா இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சுட்டு ஓட ஆரம்பிச்சுரும். அப்புறம் சாவியை எடுத்தாலும் நிக்காது. அந்த நெலமைல ஹைவேல ஏத்தி முறுக்கக் கூடாதுங்க.

டிப்ஸ்டிக்கை எடுத்து ஒரு சொட்டு டிஷ்யூ பேப்பர்ல வெச்சுப் பாருங்க. நடுவுல கறுப்பு, சுத்தி வெளிய எண்ணெய் வளையம் பெருசாப் பரவுச்சுன்னா சந்தேகமே வேண்டாம். மோந்தாலே தெரியும்.

இன்னொண்ணு. கோடு பி 2463-ன்னா "கரி அதிகம்னு இசியூ நெனைக்குது"ன்னு மட்டுந்தாங்க அர்த்தம். இசியூவுக்குக் கண்ணு கெடையாது. ஃபில்டருக்கு முன்ன ஒரு டியூப், பின்ன ஒரு டியூப், ரெண்டும் போய்ச் சேர்ற ஒரு சின்ன பிரஷர் சென்சார். அது சொல்றதைத்தான் இது நம்பும். சாவியை ஆன் பண்ணுங்க, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. அந்த சென்சார் ரீடிங் என்ன காட்டுதுன்னு சொல்லுங்க. அதைப் பாக்காம ஒரு லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டது யாருங்க?

---

காலி சிலிண்டர்

கழட்டிட்டு மேப் மாத்தறதைப் பத்தி, அனுபவப்பட்டவன் சொல்றேன். 2022-ல பண்ணினேன். ஆறு மாசம் ராஜாதான். பிக்கப் நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவை புகை சர்டிஃபிகேட் எடுக்கும்போதும் வயித்தைக் கலக்கும். விக்கப் போனப்போ வாங்க வந்த பையன் சைலன்சர் முனைல விரலை விட்டான். விரல் கறுப்பாச்சு. "அண்ணே, ஃபில்டர் இருக்கிற வண்டில இங்க இவ்ளோ கரி இருக்காதே"ன்னான். விலைல 80,000 குறைச்சுட்டான். நான் மிச்சம் பிடிச்சதெல்லாம் அவன் பாக்கெட்டுல.

---

தெருக்கோடி வக்கீல்

ஃபில்டரைக் கழற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படியும் சிக்கல். காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம்.

எஸ்டிமேட்டை இன்னொரு முறை பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வரியில் போட்டிருந்தால் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்த பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்காமல் வராதீர்கள். இஜிஆர் வால்வு எதற்கு என்று எழுத்தில் காரணம் கேளுங்கள், பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

"வெளியில் காட்டினால் பார்ட்ஸ் கிடைக்காது" என்று பயமுறுத்தினால் ஒரு தகவல். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமும் டயக்னாஸ்டிக் கருவியும் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தகராறு முற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமே இல்லை.

---

மேடவாக்கம்வாசி

ஆயில் விஷயம் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. டிஷ்யூ டெஸ்ட் பண்ணினேன். வளையம் ஒரு ரூபாய்க் காசை விடப் பெருசு. டீசல் வாசனை குப்புன்னு அடிக்குது. மனைவி ஆட்டோல போறாங்க, "பதினஞ்சு நிமிஷம் சீக்கிரம் போறேன்"னு சந்தோஷமா வேற இருக்காங்க.

950 ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகினேன். ஸ்பேனர் அண்ணே, சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: 4.6 கேபிஏ. இது நல்லதா கெட்டதா?

---

ஸ்பேனர் 14

இன்ஜினே ஓடலைங்க, புகையே இல்ல. அப்புறம் பிரஷர் எங்கருந்து வந்துச்சு? சைபர் காட்டணும். ஓடாத வண்டிலயே 4.6 காட்டுதுன்னா ஓடும்போது காட்டறது எல்லாமே அவ்வளவு கூடத்தான் இருக்கும். வீட்டுத் தராசு தட்டுல ஒண்ணும் வெக்காமயே அரைக் கிலோ காட்டற மாதிரி.

அவசரப்பட்டு சென்சாரும் வாங்கிடாதீங்க. வண்டி நல்லா ஆறினப்புறம் சென்சார்லருந்து ரெண்டு ரப்பர் டியூபையும் கழட்டிட்டு மறுபடி பாருங்க. சைபருக்கு வந்துச்சுன்னா டியூப்ல தண்ணியோ கரியோ அடைச்சிருக்கு. அப்பவும் 4.6 தான்னா சென்சார் போச்சு. எந்த டியூப் எந்தப் பக்கம்னு கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்குங்க. மாத்தி மாட்டினா புதுசா ஒரு கதை ஆரம்பிக்கும்.

---

மேடவாக்கம்வாசி

கழட்டியும் 4.6. ஒரு புள்ளி கூட அசையல.

---

ஸ்பேனர் 14

சென்சார் தாங்க. அது பொய் சொல்லிச் சொல்லி இசியூ சும்மா சும்மா எரிக்கப் போயிருக்கு, உங்க ரூட்டுல அது முடியவே இல்ல, ஆயில் ஏறிடுச்சு. முதல்ல ஆயிலை எறக்குங்க, அப்புறம் சென்சார், அப்புறம் ஸ்கேனர்ல சைபர் லேர்னிங் (புது சென்சாரோட சைபர் எதுன்னு இசியூவுக்குச் சொல்லிக் கொடுக்கறது), கடைசியாத்தான் ஃபோர்ஸ் ரீஜென் (ஸ்கேனர்லருந்து கட்டளை கொடுத்து கரியை எரிக்க வைக்கறது). இந்த வரிசை மாறக் கூடாது. அது முடிஞ்சதும் ஆயிலை இன்னொரு தடவை மாத்தினா இன்னும் நல்லது, குறைஞ்சபட்சம் அளவையாவது பாருங்க. ஆயில் சி3 கிரேடு, சாம்பல் கம்மியா இருக்கறதா கேட்டு வாங்குங்க.

---

மேடவாக்கம்வாசி

எல்லாம் முடிஞ்சுது. நாராயணபுரம் பக்கம் ஒரு சின்ன வொர்க்‌ஷாப், அண்ணன் தம்பி ரெண்டு பேர். தம்பிகிட்ட பெரிய ஸ்கேனர் இருக்கு. ஆயிலை இறக்கினப்போ அஞ்சு லிட்டர் வரவேண்டிய இடத்துல ஆறரை வந்துச்சு.

ரீஜென் போடறதுக்கு முன்னாடி வேப்பமரத்தடில நின்ன வண்டியை சிமெண்ட் தரைக்குத் தள்ளச் சொன்னார். சைலன்சர் கிட்ட ஒரு சருகு கிடந்தா கூட பத்திக்குமாம். பட்டனைத் தட்டினதும் யாரும் மிதிக்காமயே ஆர்பிஎம் ஏறுச்சு, ஃபேன் விமானம் மாதிரி சத்தம். அடியிலருந்து வந்த அனல்ல கிட்ட நிக்க முடியல. ஸ்கிரீன்ல கரி அளவு 78 சதவீதம், 60, 41-னு இறங்கிக்கிட்டே இருக்கு. 25 நிமிஷத்துல 9. பையன் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கத்திச் சொல்லிக்கிட்டு நின்னான்.

கணக்கு: சென்சார் 3,850. ஆயில், ஃபில்டர் 5,900. அவங்க கூலி, ரீஜென் சேர்த்து 4,500. என் ஸ்கேனர் 950. மொத்தம் 15,200. சர்வீஸ் சென்டர்ல வேலை செய்யாம வண்டியை எடுத்ததுக்கு இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் 2,360 தனி. அந்த அட்வைசர்கிட்ட சென்சாரைக் காட்டினேன். "எங்க ப்ரொசீஜர்ல இந்தக் கோடுக்கு அசெம்பிளிதான் சார்"னார். கோபமே வரல, சின்னப் பையன், பாவம். டார்கெட் யார் வைக்கறாங்களோ.

இஜிஆர் வால்வை வொர்க்‌ஷாப்ல கழட்டிப் பாத்தாங்க. கொஞ்சம் கரி, துடைச்சு மாட்டிட்டாங்க. 21,500!

---

ஸ்பேனர் 14

ரொம்ப சந்தோசங்க. ஆனா ரூட் மாறலையே. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் தொடர்ந்து 60-க்கு மேல ஓட்டுங்க. ஐடில் வழக்கத்தை விடத் தூக்கலா இருந்து ஃபேனும் ஓடுச்சுன்னா சாவியை எடுக்காதீங்க, இன்னொரு சுத்து போயிட்டு வாங்க. மாசம் ஒரு தடவை டிப்ஸ்டிக். கரி எரியும், அதுல சேர்ற சாம்பல் எரியாது. அது எந்த வண்டிலயும் ஒரு நாள் நெறையத்தான் செய்யும்.

---

கரூர்காரன்

நான் அப்பவே சொன்னேன், பெட்ரோல்.

---

பரங்கிமலை பயணி

இதே இழையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். வேற கம்பெனி டீசல், எனக்கும் அதே கோடு. நானும் ஸ்கேனர் வாங்கிட்டேன். இன்ஜின் ஆஃப்ல சைபர் காட்டுது. ஸ்டார்ட் பண்ணி 2,500-ல வச்சா 19 கேபிஏ. எனக்கும் சென்சார்தானே?

---

ஸ்பேனர் 14

இல்லைங்க. உங்க சென்சார் ஆஃப்ல சைபர் காட்டுது, அதனால அதைச் சந்தேகப்பட முகாந்திரமில்ல. 19-ன்னா நெஜமாவே அடைச்சிருக்கு. எத்தனை கி.மீ ஓடியிருக்கு? இதுவரைக்கும் என்ன கிரேடு ஆயில் ஊத்தினீங்க? பழைய பில் இருந்தா போட்டோ போடுங்க.

---

பரங்கிமலை பயணி

1,90,000. பில் தேடறேன். லாரிக்கு ஊத்தற ஆயில்தான், தெரிஞ்ச கடைல கேன்ல வாங்கினது.