சித்தூருக்கு வீடு மாற்றிய செலவை வருமான வரியில் கழிக்க முடியுமா? (அவசரம்)

பாறைமேடு:
சென்னையிலிருந்து சித்தூருக்குக் குடிபெயர்ந்ததில் லாரி வாடகை, கட்டுக்கூலி, வீட்டுத் தரகு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று ஒரு லட்சத்துக்கு மேல் கரைந்துவிட்டது. 2024-25 கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தால், இதைக் காட்டுவதற்கான இடமே கண்ணில் படவில்லை. எந்தப் பிரிவு என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நகரிக்காரன்:
எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கம்பெனி இடமாற்றம் செய்ததா, நீங்களாக வேலை மாறினீர்களா? கம்பெனி பணம் ஏதும் கொடுத்ததா? வருமான வரியைப் பழைய முறையில் கட்டுகிறீர்களா, கழிவுகள் குறைந்த புதிய முறையிலா? இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

வேலந்தாவளம் மாமா:
இதற்கு ஏன் இத்தனை கேள்வி? அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன், ஐம்பது மைலுக்கு மேல் வீடு மாறினால் முழுச் செலவையும் வரியில் கழித்துவிடலாம் என்று எப்போதோ சொன்னான். இங்கும் அப்படித்தான் இருக்கும். காருக்குக் கேரளத்தில் கட்ட வேண்டிய சாலை வரியையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள் தம்பி.

கணக்குப்பிள்ளை:
ஆடி பிறந்தால் இந்தக் கேள்வியும் பிறந்துவிடுகிறது. இந்த மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படிக்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. அமெரிக்காவிலேயே ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு 2018 முதல் அந்தக் கழிவை நிறுத்திவிட்டார்கள். 2025இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கியும்விட்டது. இந்தியாவில் சொந்தப் பணத்தில் வீடு மாறியவருக்கு ஒரு பைசாவும் கழியாது. இடமாற்றத்துக்கென்று கம்பெனி தனித் தொகை (படி) கொடுத்திருந்தால் மட்டும், அதில் உண்மையில் செலவான அளவுக்கு, 2024-25 கணக்குக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10(14)(i), வருமான வரி விதி 2பிபி ஆகியவற்றின் கீழ் விலக்கு உண்டு. புதிய முறையிலும் இந்த விலக்கு பறிபோகவில்லை என்பதைப் பலர் அறியாமலே வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நகரிக்காரன்:
மாமா, அவர் வந்திருப்பது ஆந்திரச் சித்தூர். கேரளச் சாலை வரி எங்கிருந்து வந்தது?

வேலந்தாவளம் மாமா:
எங்கள் சித்தூர் பாலக்காட்டில் இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் சித்தூரா?

கணக்குப்பிள்ளை:
எந்தச் சித்தூரானாலும் வருமான வரி ஒன்றுதான். வேறு மாநிலத்தில் வண்டி 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கும் சாமான் ஏற்றிய கூலிக்கும் சம்பந்தமில்லை.

வேலந்தாவளம் மாமா:
வீடு மாறாமல் இருந்திருந்தால் அந்த வரியைக் கட்டியிருப்பாரா? பிறகு எப்படிச் சம்பந்தமில்லை என்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
வீடு மாறியதால் புதுத் திரைச்சீலையும் வாங்கியிருப்பார், அதையும் சேர்க்கலாமா? பயணம், கட்டுதல், சாமான்களைக் கொண்டுசேர்த்தல் ஆகியவற்றோடு விதி நின்றுவிடுகிறது.

பாறைமேடு:
பாலக்காட்டுச் சித்தூர்தான். கம்பெனி அதே மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டுக்கு மாற்றியது. 60,000 தந்தார்கள், ஆனால் கம்பெனி தரும் சம்பள வரிச் சான்றான படிவம் 16இல் சம்பளத்தோடு சேர்த்திருக்கிறார்கள். லாரிக்கும் கட்டுக்கூலிக்கும் 38,500. புதிய முறை. பில்லில் பென்சிலால் ‘வீட்டுச் சாமான் 1 லோடு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். 38,500க்கு விலக்கு உண்டு. தரகும் பள்ளிச் சேர்க்கையும் இதில் வராது. ஆகவே மீதி 21,500 வரிக்குரிய சம்பளமே. படிவம் 16இல் காட்டாவிட்டாலும், தாக்கல் படிவத்தில் பிரிவு 10 விலக்குப் படிகள் என்ற பட்டியலில் 10(14)(i)ஐத் தேர்ந்து நீங்களே கோரலாம். கோரும்போது எதையும் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டும். பென்சில் பில் நிற்காது. உங்கள் பெயர், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், தேதி எல்லாம் உள்ள பில்லையும் லாரி ரசீதையும் கேட்டு வாங்கி, இடமாற்ற உத்தரவோடும் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தோடும் சேர்த்து வையுங்கள். இல்லாத செலவைக் காட்டி மாட்டினால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

நகரிக்காரன்:
குடும்பத்தோடு வந்த ரயில் டிக்கெட்டும் இடமாற்றப் பயணச் செலவுதான். அது உங்கள் 38,500இல் சேர்ந்திருக்கிறதா?

பாறைமேடு:
லாரிக்காரரிடம் சரியான பில் வாங்கித் தாக்கல் செய்துவிட்டேன். வரி 8,008 குறைந்தது. அனைவருக்கும் நன்றி.

நகரிக்காரன்:
டிக்கெட்டைப் பற்றிக் கேட்டிருந்தேனே, சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால் கெடு முடிவதற்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய வழி இருக்கிறது.