சென்ட்ஓஎஸ் 7-லிருந்து அல்மாலினக்ஸ் 9: டேட்டா வால்யூமைத் தொடாமல் 3 மணி நேரத்துக்குள் மாற்ற வழி உண்டா?

பனியன்ஊர்_சர்வர்

வணக்கம். திருப்பூரில் சாயப்பட்டறையும் பின்னலாடைப் பிரிவும் சேர்ந்த ஒரு நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சர்வர்தான். நூல் லாட் எண், எடை, சாயக் கலவை, டெலிவரி சலான் எல்லாம் அதிலுள்ள போஸ்ட்கிரெஸ் 13 டேட்டாபேஸில்தான் போய்ச் சேர்கிறது. மூன்று ஷிஃப்டும் ஓடும் இடம். ஞாயிறு அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை மட்டும் எடை மேடையை நிறுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் வெளியே லாரி வரிசை கட்டி நிற்கும்.

ஓடுவது சென்ட்ஓஎஸ் 7.9 என்ற லினக்ஸ் ஓஎஸ். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வரவில்லை. ஆடிட்டர் இந்த முறை எழுத்திலேயே கேட்டுவிட்டார்.

அமைப்பு இதுதான். 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, எஸ்டிஏ, எஸ்டிபி. இரண்டும் மதர்போர்டு சாட்டாவில், சாஃப்ட்வேர் ரெய்டு-1 (ஒன்றுக்கொன்று நகலான மிரர்). அதன்மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைக் குரூப்பாகச் சேர்த்து வால்யூம்களாகப் பிரிக்கும் அடுக்கு), அதில் ரூட் (ஓஎஸ் இருக்கும் வால்யூம்). டேட்டாவுக்குத் தனி ரெய்டு கார்டு, அதன்மேல் விஜி_டேட்டா என்ற வால்யூம் குரூப். அதில் எக்ஸ்எஃப்எஸ் வால்யூம் ஒன்று, உள்ளே 640 ஜிபி இருக்கிறது. குரூப்பில் 200 ஜிபி காலி. பூட் பழைய பயாஸ் முறை, யூஇஎஃப்ஐ இல்லை.

640 ஜிபியை வேறு இடத்துக்கு நகலெடுத்துத் திரும்பக் கொண்டுவர 3 மணி நேரம் போதாது. டேட்டா வால்யூம் அப்படியே இருக்க, ஓஎஸ்ஸையும் எல்விஎம்மையும் மட்டும் புதிதாக்க முடியுமா? நடுவில் ஏதாவது ஆனால் பழையதற்கே திரும்பிவிட வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

மலைக்கோட்டை_லினக்ஸ்

அல்மாலினக்ஸ்காரர்களின் எலிவேட் கருவி இருக்கிறது. இருக்கிற இடத்திலேயே 7-லிருந்து 8, அப்புறம் 8-லிருந்து 9. முதலில் முன்சோதனை ஓட்டினால் எது தடை என்று பட்டியலே தந்துவிடும். பிணைய அட்டைகள் ஈத்0, ஈத்1 என்று பழைய பெயரில் இரண்டு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும், அதை முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். எங்கள் சிறிய சர்வர்களில் இந்த வழியில்தான் போனேன், நன்றாகவே வந்தது.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இரண்டு தாவல், ஒவ்வொன்றிலும் பல ரீபூட். நடுவில் சர்வர் தனக்குள் பேக்கேஜ் மாற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. பாதியில் நின்றால் திரும்பும் வழி குறுகல்.

பழைய_யூனிக்ஸ்

தம்பி, உங்களிடம் மிரர் இருக்கிறது. சோலாரிஸும் வெரிடாஸ் வால்யூம் மேனேஜரும் ஓட்டிய நாட்களில் நாங்கள் செய்தது இதைத்தான்: ரூட் மிரரைப் பிரித்து, ஒரு பாதியைப் பழையபடி வைத்துவிட்டு, மறுபாதியில் புதிய ஓஎஸ்ஸை ஏற்றுவோம். சர்வர் நிற்பது ஒரே ஒரு ரீபூட்டுக்கு மட்டும். லினக்ஸிலும் அதே கதைதான்.

எஸ்டிபியை எம்டிஅட்ம் (சாஃப்ட்வேர் ரெய்டு கருவி) கொண்டு மிரரிலிருந்து விலக்குங்கள். முதலில் ஃபெயில், அப்புறம் ரிமூவ். பிறகு அதிலுள்ள ரெய்டு சூப்பர்பிளாக்கை (இது மிரரின் பாதி என்று சொல்லும் குறிப்பை) அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டால் பழைய மிரரின் பாதி திடீரென்று உயிர்பெற்று, ஒரே பிவி (எல்விஎம்முக்குக் கொடுத்த டிஸ்க்) இரண்டு இடத்தில் தெரிகிறது என்று எல்விஎம் குழம்பும். ட்ரேயிலிருந்து உருவும் முன் சீரியல் எண்ணை ஸ்மார்ட்சிடிஎல்லில் பார்த்து, ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். தப்பான டிஸ்க்கை உருவினால் அந்த நிமிடமே வேலை முடிந்தது.

உருவிய எஸ்எஸ்டியை அலுவலகத்தில் சும்மா கிடக்கும் ஏதாவதொரு டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளில் மாட்டி, பயாஸ் முறையிலேயே பூட் செய்து அல்மாலினக்ஸ் 9 நிறுவுங்கள். யூஎஸ்பி டாக் வேண்டாம், காரணம் அப்புறம் சொல்கிறேன். ரூட் பயனருக்கு ஒரு பாஸ்வேர்டு கட்டாயம் வையுங்கள். ரூட் கணக்கு லாக் ஆகியிருக்கும்போது எமர்ஜென்ஸி மோடில் (பூட் பாதியில் நின்றால் வரும் பழுதுபார்க்கும் முறையில்) மாட்டினால் உள்ளேயே விடாது. போஸ்ட்கிரெஸ் 13, பயனர்கள், ஃபயர்வால், கிரான், பிரிண்டர் எல்லாவற்றையும் அங்கேயே ஆறஅமர அமைத்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு அமைப்பை) டிராகட் கருவியில் நோ-ஹோஸ்ட்ஒன்லி கொடுத்து, வேறு மெஷினுக்கான டிரைவர்களும் சேரும்படி கட்டுங்கள். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. சர்வர் எஸ்டிஏவில் ஓடிக்கொண்டே இருக்கும்.

விலக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எஸ்டிஏ தனியாக பூட் ஆகுமா? மிரரில் இருப்பதால் பூட்லோடரும் இரண்டிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு, எல்எஸ்பிசிஐ -என்என் போட்டு ரெய்டு கார்டின் எண்ணைப் பாருங்கள். ரெட்ஹாட் 8-லிருந்தே பழைய எஸ்ஏஎஸ் 2008 ரகக் கார்டுகளை டிரைவரிலிருந்து நீக்கிவிட்டார்கள். அல்மா 9.4-இல் அவற்றில் பலவற்றைத் திரும்பச் சேர்த்திருக்கிறது. அதனால் 9.4-க்குக் குறைந்த ஐஎஸ்ஓவைத் தொடாதீர்கள்.

பனியன்ஊர்_சர்வர்

ஐயா, நீங்கள் சொல்லியிராவிட்டால் கெட்டிருப்பேன். எஸ்டிஏவின் முதல் 512 பைட்டை எடுத்துப் பார்த்தேன். எஸ்டிபியில் கிரப் (பூட்லோடரின் பெயர்) என்ற எழுத்து தெரிகிறது, எஸ்டிஏவில் பூட் கோட் இருக்கவேண்டிய இடம் முழுக்கப் பூஜ்யம். இரண்டு வருடம் முன்பு எஸ்டிஏ செத்துப் புதியது மாட்டினோம். மிரர் சிங்க் ஆனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது. இத்தனை நாளும் எஸ்டிபி ஒன்றை நம்பித்தான் பூட் ஆகியிருக்கிறது. இப்போது கிரப்2-இன்ஸ்டால் ஓட்டி எஸ்டிஏவிலும் எழுதிவிட்டேன்.

ரெய்டு கார்டு புதிய ரகம்தான், அதில் பயமில்லை. இந்த வாரம் டிஸ்க்கைப் பிரிக்கிறேன்.

அட்டவணை_அக்கா

கொஞ்சம் நில்லுங்கள். டிஸ்க், பூட் எல்லாம் நன்றாகத்தான் போகிறது. போஸ்ட்கிரெஸை யாரும் தொடவில்லையே. டேட்டா டைரக்டரியை அப்படியே புது ஓஎஸ்ஸில் மவுண்ட் செய்து ஸ்டார்ட் கொடுத்தால் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். அதனால்தான் பயப்படுகிறேன்.

சென்ட்ஓஎஸ் 7-இல் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை லைப்ரரி) 2.17. அல்மா 9-இல் 2.34. நடுவில் 2.28-இல் எழுத்து வரிசை விதிகளையே மாற்றிவிட்டார்கள். போஸ்ட்கிரெஸ் தன் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை அந்த வரிசைப்படிதான் அடுக்கி வைத்திருக்கிறது. பழைய வரிசையில் அடுக்கியதைப் புது வரிசையில் தேடினால், இருக்கும் லாட் இல்லை என்று வரும். அதைவிட மோசம், யூனிக் இண்டெக்ஸ் ஏற்கெனவே உள்ள எண்ணைக் காணாமல் இரண்டாவது முறையும் சேர்த்துக்கொள்ளும். பல வாரம் கழித்துக் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

சோதிப்பது எளிது. 1-1 ஒரு வரி, 11 ஒரு வரி. இரண்டையும் என்_யூஎஸ் லொக்கேலில் (அமெரிக்க ஆங்கில மொழி அமைப்பில்) சார்ட் கொடுத்துப் பாருங்கள். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1 முதலில் வரும். உங்கள் லாட் எண்ணில் கோடு உண்டா?

டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்து வரிசை விதி) சி என்றிருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. என்_யூஎஸ் என்றிருந்தால், ஆப்பைத் திறந்துவிடும் முன் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை மறுபடி கட்டியே ஆக வேண்டும். 13-இல் அதற்கான ரீஇண்டெக்ஸ்டிபி கருவிக்கு ஜாப்ஸ் என்ற வசதி வந்திருக்கிறது, ஒரே நேரத்தில் பல டேபிள் ஓடும். முன்பே ஒரு பேக்கப்பை அந்த டெஸ்க்டாப்பில் ஏற்றி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பேக்கப் என்று ஒன்று வேறு மெஷினில் இருக்கிறதல்லவா? மிரரையும் ஸ்னாப்ஷாட்டையும் (வால்யூமின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் எல்விஎம் வசதி) பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பனியன்ஊர்_சர்வர்

அக்கா, இருக்கிறது. தினமும் இரவு வேறொரு மெஷினுக்குப் போகிறது, மாதம் ஒருமுறை ஏற்றியும் பார்க்கிறேன்.

லாட் எண்களில் முக்கால்வாசி 40-2, 34-11 என்ற மாதிரிதான். கொலேஷன் என்_யூஎஸ்தான். இரண்டு மெஷினிலும் சார்ட் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே தலைகீழாக வருகிறது. அந்த இரண்டு வரியைப் பார்த்தபோது கை சில்லிட்டுவிட்டது.

டெக்ஸ்ட் இண்டெக்ஸ் மொத்தம் 70 ஜிபி. டெஸ்க்டாப்பில் ஒத்திகை பார்த்ததில் 1 மணி 20 நிமிடம். சர்வரில் குறையும் என்று நினைக்கிறேன். போஸ்ட்கிரெஸை 16-க்கும் இதோடு சேர்த்து ஏற்றிவிடலாமா?

அட்டவணை_அக்கா

வேண்டாம். இந்த ஞாயிறு ஓஎஸ் மட்டும். எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்கவே விடிந்துவிடும். 13-க்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது, அதனால் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டு வாரம் கழித்துத் தனியாகச் செய்யுங்கள்.

திரும்பும் வழிக்கு டேட்டா வால்யூமின் ஸ்னாப்ஷாட் ஒன்று வேண்டும். அதைப் போஸ்ட்கிரெஸை நிறுத்தி, வால்யூமை அன்மவுண்ட் செய்த பிறகு எடுங்கள். பெரிதாகவே எடுங்கள். ரீஇண்டெக்ஸ் எழுதுவதெல்லாம் அதன் இடத்தையும் தின்னும், நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாது. ரீஇண்டெக்ஸ் தொடங்கிய பிறகு பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்ப நேர்ந்தால், ஸ்னாப்ஷாட்டை மெர்ஜ் செய்து, டேட்டாவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே திரும்ப வேண்டும். புது வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் பழைய ஓஎஸ்ஸுக்குத் தப்பு.

பனியன்ஊர்_சர்வர் (ஞாயிறு, அதிகாலை 2.31)

போனிலிருந்து எழுதுகிறேன். 2.05-க்குப் போஸ்ட்கிரெஸை நிறுத்தி, 180 ஜிபி ஸ்னாப்ஷாட் எடுத்து, புது ஓஎஸ் ஏற்றிய எஸ்எஸ்டியை ட்ரேயில் போட்டு அதிலிருந்து பூட் செய்தேன். டேட்டா வால்யூமுக்காகச் சிவப்பு நட்சத்திரம் இங்குமங்கும் ஓடி, 1 நிமிடம் 30 நொடி எண்ணிவிட்டு எமர்ஜென்ஸி மோடுக்குப் போய்விட்டது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்துவிட்டேன். விஜிஎஸ் போட்டால் புது ரூட் குரூப் மட்டும் தெரிகிறது. விஜி_டேட்டா காணவே காணோம். பழையதற்குத் திரும்பட்டுமா?

பழைய_யூனிக்ஸ்

திரும்ப வேண்டாம் தம்பி, விழித்துத்தான் இருக்கிறேன். எல்எஸ்பிஎல்கே போடுங்கள். ரெய்டு கார்டின் டிஸ்க் அதில் தெரிகிறதா?

பனியன்ஊர்_சர்வர்

தெரிகிறது. அளவும் சரியாக இருக்கிறது. பிவிஎஸ்ஸில் மட்டும் இல்லை.

பழைய_யூனிக்ஸ்

அப்படியானால் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 9-இல் எல்விஎம்முக்கு ஒரு வருகைப்பதிவேடு வந்திருக்கிறது. ஈடிசி, எல்விஎம், டிவைசஸ் என்று உள்ளே போனால் சிஸ்டம்.டிவைசஸ் என்று ஒரு ஃபைல். அதில் பெயர் இல்லாத டிஸ்க்கை எல்விஎம் திரும்பியும் பார்க்காது. 7-இல் இது கிடையாது, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். நிறுவியது டெஸ்க்டாப்பில், அங்கே இருந்தது எஸ்எஸ்டி ஒன்றுதான், அதனால் அது மட்டும் பதிவாகியிருக்கிறது. யூஎஸ்பி டாக் வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். டாக் வழியாகப் போனால் டிஸ்க்கின் அடையாள எண்ணே மாறிப் பதிவாகலாம். நிறுவிய அன்றே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

விஜிஇம்போர்ட்டிவைசஸ் விஜி_டேட்டா என்று கொடுங்கள். -ஏ போட்டு எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், எஸ்டிஏவில் உள்ள பழைய ரூட் எல்விஎம் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது. அப்புறம் விஜிசேஞ்ச் -ஏஒய், மவுண்ட் -ஏ. மவுண்ட் ஆனதும் கண்ட்ரோல்-டி. போஸ்ட்கிரெஸைத் தொடங்கும் முன் ரெஸ்டோர்கான் ஓட்டி எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கு) முத்திரைகளைச் சரிசெய்யுங்கள். ஓனர் பற்றிக் கவலை வேண்டாம், போஸ்ட்கிரெஸ் பயனர் எண் இரண்டிலும் 26-தான்.

பனியன்ஊர்_சர்வர் (ஞாயிறு, காலை 6.20)

2.44-க்கு மவுண்ட் ஆனது. விஜி_டேட்டா ஸ்னாப்ஷாட்டோடு அப்படியே எழுந்து வந்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது ஐயா. 2.55-க்கு வெளி இணைப்புகளை மூடிவைத்து ரீஇண்டெக்ஸ் தொடங்கினேன். 52 நிமிடம். ஸ்னாப்ஷாட் 41 சதவீதம் வரை நிரம்பியது. இண்டெக்ஸ்களைச் சரிபார்க்கும் ஆம்செக் ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை. அப்புறம் கையாலேயே முப்பது லாட் எண்ணைத் தேடிப் பார்த்தேன், எல்லாம் வந்தன. 4.10-க்கு எடை மேடையைத் திறந்துவிட்டோம். முதல் லாரி 4.25-க்கு ஏறியது.

ஒரு ரீபூட்டும் செய்து பார்த்தேன், தானாகவே மவுண்ட் ஆகிறது. எஃப்எஸ்டேப்பில் (மவுண்ட் பட்டியலில்) டேட்டா வரிக்கு, மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் நிற்காதபடி நோஃபெயில் போட்டு, போஸ்ட்கிரெஸ் அந்த மவுண்ட் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று சிஸ்டம்டியில் எழுதிவிட்டேன். திறந்துவிட்ட பிறகு ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிட்டேன், வைத்திருந்தால் எழுத்து வேகம் குறைகிறது.

எஸ்டிஏவை எப்போது மிரருக்குத் திரும்பச் சேர்க்கலாம்?

பழைய_யூனிக்ஸ்

மாதக் கடைசி பில்லிங் ஒரு முறை முடியட்டும். அதுவரை பழைய ஓஎஸ் அதிலேயே கிடக்கட்டும். ஆனால் அதுவரை ரூட்டுக்கு மிரர் இல்லை, அதனால் ஈடிசியைத் தினமும் பேக்கப்பில் சேருங்கள். சேர்க்கும் நாளில் எஸ்டிஏவைத் துடைத்து, ரூட் குரூப்பில் விஜிஎக்ஸ்டெண்ட் செய்து, எல்விகன்வர்ட்டில் ரெய்டு-1 ஆக்குங்கள். ஓடும்போதே செய்யலாம், நிறுத்த வேண்டாம். பூட் பார்ட்டிஷன் எல்விஎம்முக்கு வெளியே இருப்பதால் அது மிரர் ஆகாது. அதைத் தனியாக நகலெடுத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி நகலெடுங்கள்.

எஸ்டிஏவில் கிரப்பை எழுத மறக்காதீர்கள், எழுதியபின் அந்த 512 பைட்டை இன்னொரு முறை பாருங்கள்.