கலிப்போலிக் கல்லில் இருப்பது யார் சொன்ன சொல்?

பழைய ஏடு:
கடலோடி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. துருக்கியின் கலிப்போலியில், முதல் உலகப் போரில் 1915-ல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை (அன்சாக்) வந்திறங்கிய அன்சாக் கரைக்குப் பக்கத்தில் 1985-ல் துருக்கி நிறுத்திய நினைவுக் கல்லில் இருப்பவை, "1934-ல் அதாதுர்க் (துருக்கிக் குடியரசின் முதல் அதிபர்) தன் கைப்பட எழுதிய சொற்கள்" என்று அடித்துச் சொல்கிறார். கைப்பட! அந்தக் காகிதத்தை யார் பார்த்தது? அந்தச் சொற்கள் அச்சில் வந்தது 1953 நவம்பரில். 1934-ல் உள்துறை அமைச்சராக இருந்த சுக்ரு கயா கொடுத்த பேட்டியில். அதாதுர்க் இறந்து 15 ஆண்டு கழித்து!

கடலோடி:
தலைவர் எழுதிக் கொடுத்தார், அமைச்சர் வாசித்தார், பிறகு அதைப் பேட்டியில் சொன்னார். இதில் என்ன குற்றம்? கல்லில் இருப்பதைப் படியுங்கள். ஜானிக்கும் மெஹ்மெத்துக்கும், அதாவது படையெடுத்து வந்த சிப்பாய்க்கும் துருக்கிச் சிப்பாய்க்கும், எங்களிடம் வேறுபாடு இல்லை என்கிறது. தூர தேசத்துத் தாய்மார்களைப் பார்த்து, கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகள் இப்போது எங்கள் பிள்ளைகள் என்கிறது. படையெடுத்து வந்தவர்களுக்கு இப்படிச் சொன்ன நாடு வேறு எது? அதே 1985-ல் அந்தக் கரைக்கு அன்சாக் என்றே அதிகாரபூர்வமாகப் பெயரும் வைத்தார்கள். இத்தனையும் விட்டுவிட்டுக் காகிதம் கேட்கிறார்!

பழைய ஏடு:
ஜானியைப் பற்றி நீங்களே எடுத்தது நல்லது. 1953 பேட்டியில் ஜானியும் இல்லை, மெஹ்மெத்தும் இல்லை. 1978-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், கலிப்போலியில் போரிட்டுத் திரும்பிய ஒருவர், ஒரு நினைவு நீரூற்றில் வைப்பதற்காகத் துருக்கியிலிருந்து வாசகம் கேட்டு வாங்கினார். அந்த ஜானி வரி அப்போதுதான் வந்து ஒட்டிக்கொண்டது. 1934-ல் எழுதியதில் 1978-ல் ஒரு வரி எப்படி முளைக்கும்?

கடலோடி:
ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அதே 1985-ல் இந்த வாசகத்தை வைத்தார்கள். நியூசிலாந்தின் வெலிங்டனில் 1990-ல் வைத்தார்கள். மூன்று நாட்டு அரசுகளும் ஏமாந்துவிட்டன, நீங்கள் ஒருவர்தான் விழித்திருக்கிறீர்கள்! பிரான்சின் வெர்டூன் போர் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் எல்லோரையும் அலைக்கழித்தீர்கள்.

பழைய ஏடு:
வெர்டூனில் நான் சொன்ன தேதிதான் சரி. அதை இன்றுவரை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

செந்தாழை:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஜானி, மெஹ்மெத் சரி. சீக்கியர் சிங் எங்கே? கூர்க்கா குருங் எங்கே? இந்திய மலைப் பீரங்கிப் படை 1915 ஏப்ரல் 25 அன்றே ஆஸ்திரேலியர்களோடு கரையிறங்கியது. ஜூன் 4, கலிப்போலியின் கிரித்தியா ஊருக்கான சண்டையில் 14-ஆம் சீக்கியப் படை ஒரே நாளில் பாதிக்கு மேல் அழிந்தது. அவர்களுடைய தாய்மார்கள் அழவில்லையா? இந்தக் கல்லைப் பற்றிப் பேசும் யாரும் அவர்கள் பெயரை எடுப்பதே இல்லை. எனக்கு இதுதான் கோபம்.

கடலோடி:
கலிப்போலி முனையில் உள்ள ஹெலஸ் நினைவுத் தூணில் இந்தியர் பெயர்கள் உண்டு. தெரியாமல் பேச வேண்டாம்.

செந்தாழை:
தெரிந்துதான் பேசுகிறேன். ஹெலஸ் தூண் பிரிட்டன் தரப்பு கட்டியது. நாம் பேசுவது துருக்கி வைத்த கல். எதைக் கேட்டால் எதைச் சொல்கிறீர்கள்?

முகில்:
இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல் 25-க்கு முந்தின இரவு, 24-ஆம் தேதி, இஸ்தான்புல்லில் ஆர்மேனிய அறிஞர்களையும் தலைவர்களையும் வளைத்துப் பிடித்தார்கள். படையெடுத்து வந்தவனின் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லும் அரசு, தன் நாட்டிலேயே பிறந்த ஆர்மேனியத் தாய்க்கு என்ன சொன்னது? அதற்குப் பிறகு நல்லிணக்கம் பற்றிப் பேசலாம்.

கடலோடி:
அதற்குத் தனியாக விவாதம் தொடங்குங்கள். இங்கே கலிப்போலி.

முகில்:
வசதியாகத் தள்ளிவிடுகிறீர்கள். அதே நாடு, அதே வாரம்.

பழைய ஏடு:
முகில் கேட்டது பெரிய விஷயம். ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 1953! அதற்கு முந்தைய சான்று ஒன்று, ஒரே ஒன்று காட்டுங்கள். 2017-ல் சீரமைப்பு வேலையின்போது அந்தக் கல்லிலிருந்தே எழுத்துகளை எடுத்தார்கள், அதுவாவது தெரியுமா?

கடலோடி:
கல் சிதைந்திருந்தது, பழுது பார்த்தார்கள். அதையும் உங்கள் கட்சிக்கு இழுக்காதீர்கள். செத்துப்போன 8,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களின் குடும்பங்கள் அந்த வரிகளைப் படித்துத்தான் ஆறுதல் அடைந்தார்கள். அந்தக் கண்ணீருக்கும் சான்று கேட்பீர்களா?

பழைய ஏடு:
கண்ணீருக்குக் கேட்கவில்லை. கையெழுத்துக்குக் கேட்கிறேன். ஒரு மனிதர் சொல்லாததை அவர் வாயில் திணித்து, அதன்மேல் சமாதானத்தைக் கட்டினால், செத்தவர்களுக்கு அது மரியாதையா? துருக்கிய ஆய்வாளர்களே இதைக் கேட்கிறார்கள், நான் மட்டும் இல்லை.

செந்தாழை:
சீக்கியப் படை பற்றி நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

கடலோடி:
வேலை இருக்கிறது, இரவு வந்து எழுதுகிறேன். அதாதுர்க் சொன்னதுதான். மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பழைய ஏடு:
வாருங்கள். வரும்போது 1934 காகிதத்தையும் எடுத்து வாருங்கள்.